ஸ்வெட்டரின் இடது கை

பின்னிய துணியில் கத்தரிக்கோல் வைக்கலாம் என்று முதன்முதலில் யோசித்தது யாரோ தெரியவில்லை. அந்த மகராசிக்கு நெஞ்சு கருங்கல்லாக இருந்திருக்க வேண்டும். சின்னவளுக்கு அப்படி வாய்க்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கிய பிறகு, பூட்டினோமா என்று மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று வருகிறவர்களைக் கேட்பாள். அவர்கள் சொன்ன பிறகும் நம்பிக்கை வராமல், "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்பாள். அதற்கப்புறம் பாதிப் பேர் தங்கள் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவள் பொழுதுபோகட்டும் என்று பின்னல் ஊசியைக் கையில் எடுத்தாள். பொழுது போயிற்று, கூடவே தூக்கமும் போயிற்று. முதலில் கழுத்துத் துண்டு. நேராகப் பின்னிக்கொண்டே போக வேண்டியதுதான், பயப்பட ஒன்றுமில்லை. அடுத்து குல்லாய். அதில் பின்னல் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போய் உச்சியைக் கூட்ட வேண்டும் என்றதும், இருக்கிற கண்ணிகளை மூன்று தடவை எண்ணினாள். காலுறையில் குதிகால் திருப்புகிற இடம் வந்தபோது ஊசியை அப்படியே பைக்குள் வைத்து மூடிவிட்டாள். மழைக்காலம் முழுக்க இரண்டு காலுறைகளும் குதிகால் இல்லாத குழாய்களாகப் பைக்குள் கிடந்தன. ஒருநாள் வேறு வழியில்லாமல் எடுத்துப் பின்னிப் பார்த்தால், ஒரு சாயங்காலத்தில் குதிகால் திரும்பிவிட்டது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்கே எரிச்சல் வந்தது. ஆனால் தைரியம் மட்டும் வரவில்லை. ஒரு பயத்தை ஜெயித்தால் அடுத்த பயம் சிறுத்துவிடும் என்று சொல்கிறவர்கள் பின்னல் ஊசியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அடுத்த பயம் புது ஊசி, புது நூலோடு சாவகாசமாக வந்து உட்காரும்.

பயத்தில் பாதி பின்னலால் வந்தது. மீதிப் பாதி அவள் அக்காவால்.

பெரியவள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருந்தவள். உடம்பு கெட்டு வீட்டில் உட்காரும் வரை, தலை நரைக்கிற வரை, அதே மேஜை. தைத்து வருகிற சட்டையை ஒரு உதறு உதறி உள்பக்கத்தை வெளியே திருப்பி, விளக்கடியில் பிடித்து, ஒரு நூல் பிசிறு விடாமல் பார்ப்பது அவள் உத்தியோகம். அவள் வாயிலிருந்து மூன்றே வார்த்தை வரும். பாஸ் என்றால் பெட்டிக்குள் போகும். ஆல்டர் என்றால் தைத்தவளிடமே திரும்பிப் போய், சரிசெய்யப்பட்டு, மறுபடி இதே மேஜைக்கு வரும். ரிஜெக்ட் என்றால் மூலையில் இருக்கிற கூடைக்குள் விழும். கூடையில் விழுந்ததை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வேலை போனாலும் கை பழக்கம் போகவில்லை. தங்கை பின்னியதை எல்லாம் அக்கா வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்காமலே திருப்புவாள். "முன்னாடி எல்லாரும்தான் ஒழுங்கா வெச்சிருப்பாங்க. பின்னாடி காட்டு." கழுத்துத் துண்டில் தவறவிட்ட கண்ணி ஒன்றைத் தடவியே கண்டுபிடித்தாள். குல்லாயின் உள்ளே நூல்முனை தொங்குவதைப் பார்த்து, "இதுக்கு வால் வெச்சது யாரு?" என்றாள். பாஸ் என்ற வார்த்தை தங்கைக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. கிடைக்காதா என்று ஏங்கியது உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம்தான் அந்த ஸ்வெட்டர் வந்தது. பெரியவளுக்குச் சிறுநீரகம் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகு பின்னியது அது. டயாலிசிஸ் செய்கிற அந்தக் கூடம் எப்போதும் சில்லென்று இருக்கும். உடம்பிலிருந்து ரத்தம் வெளியே போய், இயந்திரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புவதற்குள் எலும்புக்குள் குளிர் ஏறிவிடும். கம்பளி பட்டால் அக்காவுக்கு அரிக்கும். அதனால் வழுவழுப்பான செயற்கை நூல் வாங்கினாள் சின்னவள். சாம்பல் நிறம், நெஞ்சைச் சுற்றி மட்டும் சிவப்பில் ஒரு வரிசைக் கோலம். இரண்டு நிறத்தில் பின்னுவது புதிது. உள்பக்கம் நூல்கள் தாவித் தாவிப் போய்ப் பார்க்கச் சகிக்காது. கைகள் இரண்டும் வட்டமாகவே பின்னியவை. உடம்பிலும் கையிலும் எங்கேயும் தையல் கிடையாது.

பெரியவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "கழுத்து தளர்ந்திருக்கு" என்றாள். பிறகு போட்டுக்கொண்டாள். அந்தத் தளர்ந்த கழுத்து வழியாகத்தான் அவள் கழுத்தில் செருகியிருந்த குழாய் சுலபமாக வெளியே வந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், அந்த ஸ்வெட்டர் இல்லாமல் அவள் அந்த நாற்காலியில் சாய்ந்ததில்லை. வேறு யார் எதை வாங்கிக் கொடுத்தாலும் மடித்து அலமாரியில் வைத்துவிடுவாள்.

இதுவரை எல்லாம் சரி. வெள்ளிக்கிழமைதான் வினை வந்தது.

கழுத்துக் குழாயில் சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதற்கு மாற்றாக இடது கையில், முழங்கைக்கு மேலே, முன்பே ஓர் அறுவைச் சிகிச்சை செய்து ரத்தக் குழாய் இரண்டை இணைத்து வைத்திருந்தார்கள். அது இப்போது ஊசி குத்துகிற அளவுக்குத் தேறிவிட்டது. தொட்டால் தோலுக்கடியில் பூனை உறுமுகிற மாதிரி அதிரும். "திங்கட்கிழமையிலேர்ந்து கையிலதாம்மா ஊசி" என்றாள் நர்ஸ். "தோள் வரைக்கும் கை திறந்திருக்கணும். ஸ்வெட்டர் கையை இறுக்கமா சுருட்டி மேல ஏத்தக் கூடாது, ரத்தக் குழாய் அடைச்சுக்கும்." சொல்லிவிட்டு அந்த ஊசியையும் காட்டினாள். காட்டாமல் இருந்திருக்கலாம். கோணி தைக்கிற ஊசிக்குத் தங்கை மாதிரி இருந்தது.

பெரியவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் இனிமே அங்க வரல."

"என்னக்கா சொல்றே?"

"ஸ்வெட்டர் போட்டா கை கிடைக்காது. கழட்டினா விறைச்சே போயிடுவேன். என்னால ஆகாது."

"போர்வை எடுத்துட்டுப் போலாம்க்கா. ரெண்டா எடுத்துட்டுப் போலாம்."

"அது நழுவும். கைய அசைக்கக் கூடாதுன்னா, இழுத்துவிடச் சொல்லி ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்சணும். போதும்டி. இந்த உடம்பு ரிஜெக்ட் ஆயிடுச்சு. ரிஜெக்ட்ட எடுத்துட்டு வந்து மறுபடி மறுபடி மேஜையில வெக்கிறதுல அர்த்தமே இல்ல."

போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். உடம்பில் நீர் ஏறும், மூச்சு முட்டும், பிறகு நாள் கணக்குதான். சின்னவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு அக்கா.

அக்காவுக்குக் குளிர் மட்டும் காரணமில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஊசியைக் கண்டபோது அக்காவின் உதடு வெளுத்ததை அவள் பார்த்தாள். பயம் என்று சொல்ல வாய் வராது பெரியவளுக்கு. குளிர் என்று சொன்னாள். ஊசியைச் சின்னவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் குளிர் என்ற சாக்கைப் பிடுங்கிவிடலாம். அந்த இடது கை மட்டும் மணிக்கட்டிலிருந்து தோள் வரை திறந்து மூடுகிற மாதிரி இருந்துவிட்டால், குளிருக்குப் பதில் சொல்லியாகிவிடும்.

திறப்பதற்குத் தையல் இருந்தால் பிரிக்கலாம். தையலே இல்லாத கையை என்ன செய்வது? புதிதாகப் பின்னலாம் என்றால், அவள் வேகத்துக்கு ஒரு கை முடிய மாதம் ஆகும். இருப்பது சனியும் ஞாயிறும். கைபேசியில் தேடினாள். ஒரே ஒரு வழிதான் மறுபடி மறுபடி வந்தது: வெட்டு.

வீடியோவில் ஒருத்தி மலர்ந்த முகத்தோடு புத்தம்புது ஸ்வெட்டரை மடியில் போட்டு, நடுவில் கத்தரிக்கோலை விட்டுக் கரகரவென்று வெட்டினாள். "மூச்சை நல்லா இழுத்து விடுங்க, வெட்டுங்க, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம்! சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே கால்விரல்களை மடக்கிக்கொண்டாள். கடைசியில் அந்தப் புண்ணியவதி போகிற போக்கில் சொன்னாள்: சுத்தக் கம்பளி என்றால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், வழுவழுப்பான நூலாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், கண்ணிகள் நழுவிவிடும்.

சின்னவள் பையிலிருந்த மிச்ச நூலை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். வழுவழுவென்றுதான் இருந்தது.

சனிக்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மிச்ச நூலில் ஒரு குட்டிக் குழாய் பின்னினாள். வெட்டப்போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கையாலேயே தையல் ஓட்டினாள். வெட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகா, என்று லேசாக இழுத்தாள். தையலுக்குள்ளிருந்து ஒரு நூல்முனை எட்டிப் பார்த்தது, அப்புறம் இன்னொன்று. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் ஓரம் பூராவும் பக்கவாட்டில் பிரிந்து, மடியில் நூல் துண்டுகளாகக் கொட்டியது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி அது குப்பை?" என்றாள் பெரியவள், படுத்த இடத்திலிருந்தே.

"ஒண்ணுமில்லக்கா. பழைய நூல்."

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு? நல்லாத்தான் இருக்கு."

அன்று முழுக்க அக்காவின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் வழக்கத்தைவிட வீங்கியிருக்கிறதா, இல்லை கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா? இது தெளிவா, அது தெளிவா? கேட்டுச் சொல்ல யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், துவைக்கப் போகிறேன் என்று சொல்லி ஸ்வெட்டரைச் சுருட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். அங்கே தையல்கடை. தையல்காரர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பின்னலையா? வெட்டவா? என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நீங்க வெட்ட வேண்டாம்ண்ணே. ரெண்டு பக்கமும் நெருக்கமா மெஷின் ஓட்டிக் கொடுங்க. வெட்டுறத நான் பாத்துக்கறேன்."

"இந்தத் துணி மெஷின்ல ரப்பர் மாதிரி இழுபடுமே. அலை அலையா நிக்கும்." அவர் தாடையைச் சொறிந்துகொண்டே யோசித்தார். "அடியில செய்தித்தாள் வெச்சுத் தைக்கலாம். அப்புறமா பேப்பரைக் கிழிச்சு எடுத்துடலாம். ஆனா ஒண்ணு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்கக்கா என்னைக் கேக்கக் கூடாது. அவங்க ஒரு தடவை நான் தைச்ச தலையணை உறையைத் திருப்பிப் பாத்தாங்க. இன்னும் எனக்கு ஆறல."

கோடு தெரிய வேண்டும் என்பதற்காகவும், தையல் உள்பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பதற்காகவும் ஸ்வெட்டரை உள்புறம் வெளியே வரத் திருப்பி மேஜையில் விரித்தாள் சின்னவள். முன்பக்கம் மேலே. தன் உடம்போடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். இடது கைக்கு நேரே இருந்த கையில் வெள்ளை நூலால் நீளக் கோடு ஓட்டினாள்.

"இந்தக் கைதானே? இடதுதானே?" என்றார் அவர்.

"இடதுதாண்ணே."

"அப்புறம் மாத்திச் சொல்லக் கூடாது."

"இடதுதான்" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை உடம்போடு வைத்துப் பார்த்தாள். இடதேதான். இரண்டு மாடி ஏறிப் போய்ப் பூட்டைச் சோதிக்கிறவளல்லவா; அதையும் சோதித்துவிட்டாள்.

மெஷின் ஓடியது. செய்தித்தாளோடு சேர்த்துத் தைத்த கோட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு வரிசை. காகிதத்தைக் கிழித்தெடுத்தார்கள், வந்தது வந்தது, தையலிடுக்கில் மாட்டியது மாட்டியது.

மத்தியானம் பெரியவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சமையல்கட்டு மேஜையில் ஸ்வெட்டரை வைத்தாள் சின்னவள். திருப்பிய துணி திருப்பியபடியே இருந்தது. கத்தரிக்கோல் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்தது, மூக்கு கூரானது. முனையை மணிக்கட்டுப் பக்கம் கண்ணிக்குள் நுழைத்தாள். எடுத்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி நுழைத்தாள். இதைக் கெடுத்தால் அக்காவுக்குச் சாக்கு அப்படியே நிற்கும், ஸ்வெட்டர்தான் போய்விடும். இன்னொன்று பின்னுவதற்குள் யாருக்காகப் பின்னுவது என்ற கேள்வி வந்துவிடும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

"ஏய்! ஸ்வெட்டர் காஞ்சுதா?" உள்ளேயிருந்து குரல்.

கத்தரிக்கோல் தானாக மூடிக்கொண்டது. ஒரு கண்ணி போயிற்று.

"காயுதுக்கா!" என்று கத்தினாள், தேவைக்கு அதிகமாகவே. இனி நிறுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. மூச்சை இழுத்தாள், விட மறந்துபோனாள், வெட்டிக்கொண்டே போனாள். முழங்கை வந்தது, தாண்டியது, தோள் வந்தது. இரண்டாகப் பிளந்த ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள். ஒரு நூலும் நழுவவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். ஊஹூம், நழுவவில்லை. அப்போதுதான் மூச்சு வெளியே வந்தது.

சாயங்காலத்துக்குள் ஓரங்களில் நாடா வைத்துத் தைத்து, அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பித்தான்களைப் பதித்தாள். எல்லாம் முடிந்து வெளிப்புறம் திருப்பி மடித்து, பைக்குள் அடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் பெரியவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கிளம்புக்கா."

"சொன்னேனே. வரல."

"கை திறக்கும்க்கா. ஸ்வெட்டர் கை. வெட்டிட்டேன்."

போர்வை அசைந்தது. "எத?"

"ஸ்வெட்டர."

பெரியவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "பின்னலை வெட்டினியா? கத்தரிக்கோலால? உனக்கு மூளை இருக்கா? காட்டு. கொண்டா இங்க."

"காட்ட மாட்டேன். பாக்கணும்னா அங்க வந்து பாரு."

சொல்லிவிட்டுச் சின்னவளே ஆடிப்போனாள். அக்காவிடம் அப்படிப் பேசியதே கிடையாது. பெரியவள் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். சாகத் துணிந்தவளுக்குக்கூட வெட்டிய பின்னலின் ஓரம் எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. "சீவி விடு" என்று தலையைக் காட்டினாள்.

கூடத்தில் வழக்கமான குளிர். நாற்காலிகளில் ஆட்கள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். இயந்திரங்கள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. நர்ஸ் தட்டில் ஊசிகளை எடுத்து வைத்தாள். பெரியவளின் உதடு அப்போதே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள் சின்னவள். பெரியவள் வாங்கித் தலை வழியே போட்டுக்கொண்டாள். இடது கையைப் பிரிக்கப் போனாள். பித்தான்களைத் தேடினாள். தேடிக்கொண்டேயிருந்தாள்.

சாம்பல் நிறக் கை மணிக்கட்டிலிருந்து தோள் வரை பொத்தல் இல்லாமல், பிளவில்லாமல், முழுசாக இருந்தது. வலது கைதான் பிளந்து தொங்கியது.

"ஏண்டி" என்றாள் பெரியவள் மெதுவாக. "எனக்கு எந்தக் கையில ஆபரேஷன் பண்ணினாங்க?"

சின்னவள் பிளந்த கையைத் தூக்கிப் பார்த்தாள். உள்பக்கம் வெளியே திருப்பியல்லவா மேஜையில் விரித்தோம்! திருப்பினால் இடது வலதாகிவிடும் என்று சின்னக் குழந்தைக்குத் தெரியுமே. இரண்டு முறை உடம்போடு வைத்துப் பார்த்தோமே, இரண்டு முறையும் திருப்பியபடியேதானே பார்த்தோம்!

"அக்கா..." என்றாள். இதோ எழுந்து போய்விடுவாள், இனி எந்த முகத்தோடு கூப்பிடுவது? நர்ஸின் தட்டில் கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. சின்னவள் அதை எடுத்தே விட்டாள். "கைய நீட்டுக்கா. இதையும் வெட்டிடறேன். பிரிஞ்சா பிரிஞ்சிட்டுப் போகட்டும். இன்னிக்கு ஒரு நாள் தாங்கினாப் போதும்." முனை கண்ணிக்குள் போயேவிட்டது.

பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தங்கை முகத்தைப் பார்த்தாள், திருப்பிப் பார்க்கிற துணியைப் பார்ப்பதுபோல, நெடுநேரம்.

"கீழ வை அதை."

பிறகு ஸ்வெட்டரைத் தலை வழியே கழற்றினாள். ஒரு உதறு. ஒரே உதறில் உள்பக்கம் வெளியே வந்தது. எத்தனை ஆயிரம் சட்டைகளைத் திருப்பிய கை அது! மறுபடி போட்டுக்கொண்டாள். பிளந்த கை இப்போது இடது கையில் இருந்தது.

"அக்கா, வேண்டாம்க்கா. உள்பக்கம் பூரா முடிச்சு. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

நெஞ்சைச் சுற்றிச் சிவப்பு நூல்கள் தாறுமாறாகத் தாவின. தோளில் நூல்முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. சின்னவள் இத்தனை நாள் மறைத்ததெல்லாம் கூடத்தின் வெள்ளை விளக்கில் பளிச்சென்று தெரிந்தது. பெரியவள் பித்தான்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தையலிடுக்கில் ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதென்ன, செய்தித்தாளா?"

"இழுபடாம இருக்க வெச்சுத் தைச்சதுக்கா."

"தைச்சா எடுக்கணும்னு தெரியாதா?"

நர்ஸ் கையைத் துடைத்து, ஊசியை எடுத்தாள். பெரியவளின் பார்வை ஊசியில் போய் ஒட்டிக்கொண்டது. வலது கை நாற்காலியை இறுகப் பற்றியது. "கொஞ்சம் இரும்மா" என்றாள்; குரல் உடைந்தது. "இன்னிக்கு வேண்டாம். நான்..."

சின்னவள் குனிந்து அக்காவுக்கும் ஊசிக்கும் நடுவில் முகத்தைக் கொண்டுபோனாள். அவள் வாழ்நாளில் எதற்கு மிகவும் பயந்தாளோ, அதைத் தானே கேட்டாள்.

"அக்கா, அந்தச் சிவப்பு நூல் எப்படி நிக்குது? நல்லாப் பாத்துச் சொல்லு."

பெரியவளின் கண் தன்னையறியாமல் கீழே இறங்கியது. வலது கையைப் பிடியிலிருந்து எடுத்து நெஞ்சைத் தடவினாள்.

"இங்க இறுக்கிட்டே" என்றாள். "சுருக்கம் விழுது பாரு."

"ஆமாக்கா."

"இங்க தளர்வு. விரல் மாட்டும். இது... ஸ்ஸ்..." முகம் ஒரு கணம் சுளித்தது. "இது என்ன முடிச்சு? ஒரே இடத்துல மூணு முடிச்சு போடுவாங்களா யாராவது?"

"நூல் அறுந்துபோச்சுக்கா."

"அறுந்தா ஓரத்துல கொண்டுபோய் முடியணும். தோள்ல... அம்மா... தோள்ல வால் விட்டிருக்கே. குல்லாய்லயே சொன்னேன்."

"சொன்னேக்கா."

"முடிஞ்சுதும்மா" என்றாள் நர்ஸ். "ரெண்டு ஊசியும் போட்டாச்சு."

பெரியவள் தலையைத் திருப்பி இடது கையைப் பார்த்தாள். குழாயில் ரத்தம் சிவப்பாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஊசி இருந்த இடம் மட்டும் திறந்திருக்க, மேலும் கீழும் சாம்பல் நூல் கையை மூடியிருந்தது. சின்னவள் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"ரிஜெக்டாக்கா?" என்று கேட்டாள், எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே.

பெரியவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். வலது கை இன்னும் அந்த மூன்று முடிச்சையும் நெருடிக்கொண்டிருந்தது.

"ரிஜெக்ட்னு யாரு சொன்னா?" என்றாள். "ஆல்டர். புதன்கிழமை நான் வரும்போது இன்னொரு கையும் திறக்கணும். பேப்பர் ஒரு துணுக்கு இருந்தாலும் திருப்பி அனுப்புவேன்."

"சரிக்கா" என்றாள் சின்னவள்.